மனச்சுமையும் நித்திய பூசையும்



எமது ஆலய வருடாந்த மஹோற்சவத்தை முன்னிட்டு வெளிவரும் இச்சிறப்பு மலருக்கு, வழமைபோல அம்பாளின் மகிமை பற்றி ஒரு கட்டுரை தரும்படி பரிபாலன சபையினர் கேட்டுக்கொண்டனர். அதற்காகவே பேனாவை எடுத்தேன். ஆனால் கடந்த மாதங்களில் ஆலய வாசலில் நான் கேட்ட வார்த்தைகளே மனதில் வந்து நின்றன. "தூக்கமே வரமாட்டேங்குதுங்க ஐயா." "மழை பேஞ்சாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது." "புள்ளைங்க மேல தேவையில்லாம எரிஞ்சு விழுறேன்." அர்ச்சனைத் தட்டைக் கையில் ஏந்தியபடி இப்படிச் சொன்னவர்கள் பலர். ஆகவே அன்னையின் மகிமையை இந்த வழியாகவே எழுதுவோம் எனத் துணிந்தேன். மனச்சுமையால் தளர்ந்திருக்கும் அடியார் ஒருவர், அன்னையை முன்னிறுத்தி, தனக்கென ஓர் ஒழுங்கை எவ்வாறு வகுத்துக்கொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எம் தாய்மாருக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கொழுந்துக் கூடையைத் தலையிற் கட்டிய கயிற்றிலே சுமந்து மலையேறும் பெண், அன்று பறிக்கும் முழுக் கொழுந்தையும் மாலைவரை சுமப்பதில்லை. ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை நிறுவை நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் கூடையைக் கொட்டி வெறுமையாக்கிவிட்டே மறுபடி மலைக்குப் போகிறாள். கொட்டாமல் அமுக்கி அமுக்கி அடைத்தால் கழுத்தும் முறியும், அடியிலுள்ள கொழுந்தும் சூடேறிச் சிவந்து பழுதாகும். தோளிற் சுமக்கும் பாரத்துக்கு இவ்வளவு ஒழுங்கு வைத்திருக்கும் நாம், நெஞ்சிற் சுமக்கும் பாரத்துக்கு என்ன ஒழுங்கு வைத்திருக்கிறோம்? வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவில் அழுது தீர்ப்பதோடு சரி.

சுமை வந்த வழி

எம்மவரின் மனச்சுமை நேற்றுத் தோன்றியதன்று. 1820களில் கம்பளைப் பகுதியில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியபோதும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோதும், காடு வெட்டி மலை திருத்தியவர்கள் எமது முன்னோர். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து கண்டிச் சீமைக்கு வந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். பிழைத்து வந்து சேர்ந்தவர்கள் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் கல்லை நட்டு மாரியம்மன் என்று கும்பிட்டார்கள். இன்று மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களையும், கண்டி நகரில் கட்டுக்கலைப் பிள்ளையார் ஆலயத்தையும் கண்டு மகிழ்கிறோம். இந்த மலைகளில் எம்மவர் எழுப்பிய கோயில்களின் தொடக்கம் அந்த மரத்தடிக் கல்தான். துன்பத்தின் நடுவே மனதை ஊன்றி வைக்க அவர்கள் கண்ட இடம் அது.

எம் தலைமுறைக்கு வந்த சுமைகளும் சிறியன அல்ல. 2020இல் கொரோனா வந்து வீட்டுக்குள் அடைத்தது. 2022இல் பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபா என்றும், 2024இல் 1350 ரூபா என்றும் நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் அரிசியும் மாவும் பஸ் கட்டணமும் சம்பளத்தை முந்திக்கொண்டே ஓடின. பின்னர் 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி மாவட்டமும் மலையகத்தின் ஏனைய மாவட்டங்களும் மண்சரிவினால் பட்ட துயரை நான் எழுதத் தேவையில்லை. இம்மலரை வாசிப்போரில் உறவினரை இழந்தோரும் உண்டு, வீட்டை இழந்தோரும் உண்டு.

அடியேனும் விதிவிலக்கன்று. அந்தப் புயலுக்குப் பின்னர் பல மாதங்கள், கூரைத் தகரத்தில் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பாடசாலையில் முப்பது வருடங்கள் பிள்ளைகளுக்குத் தைரியம் சொன்ன நான், இரவு இரண்டு மணிக்கு டோர்ச் லைட்டுடன் வீட்டின் பின்பக்க மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோயிலில் பேசும்போது "எல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள்" என்று சொல்லிவிட்டு, வீட்டில் நடுங்கிக்கொண்டிருந்தேன். பக்தி குறைந்ததனால் நடுக்கம் வரவில்லை. ஆபத்தைக் கண்ட உடம்பு அதை மறக்க நாள் எடுக்கும். பயந்த வேளையில் உடம்பு ஒருவகைச் சுரப்பைச் சுரக்கிறது, இருதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடித் தப்புவதற்காக இறைவன் வைத்த ஏற்பாடு அது. ஆபத்து நீங்கிய பின்பும் அந்த ஏற்பாடு தணியாமல் நாள்தோறும் நீடித்தால் அதுவே நோயாகிவிடும். தூக்கம் கெடும், வயிறு எரியும், தலை வலிக்கும், இரத்த அழுத்தம் ஏறும், வாயிற் கடுஞ்சொல் வரும்.

திலகவதியார் காட்டிய நெறி

இவ்விடத்தில் பெரியபுராணம் கூறும் ஒரு சரிதத்தை நினைவுகூர்தல் பொருந்தும். திருநாவுக்கரசு சுவாமிகளுக்குச் சூலை நோய் வந்து, இறைவன் ஆட்கொண்ட வரலாறு அனைவரும் அறிந்ததே. ஆனால் அச்சரிதத்தில் அவரது தமக்கையார் திலகவதியார் செய்ததை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர்கள் இவ்விருவரும். தந்தையார் இறந்தார், தாயாரும் உடன் சென்றார். திலகவதியாருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார் என்ற செய்தியும் வந்தது. அடுத்தடுத்து மூன்று சாவு. இனி வாழ்வதில்லை என்று அந்தப் பெண் முடிவெடுத்தார். அப்போது இளையவராகிய தம்பி காலில் விழுந்து, நீங்களும் போனால் நான் என்ன ஆவேன் என்று அழுதார். தம்பிக்காக அவர் உயிர் தாங்கினார். இதைக் கூர்ந்து கவனியுங்கள். அன்று அவரது துக்கம் நீங்கிவிடவில்லை. நாளைக்கும் இருக்கவேண்டும் என்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவே.

அதன்பின் அவர் என்ன செய்தார்? திருவதிகை வீரட்டானத்துக்குச் சென்று, நாள்தோறும் விடியுமுன் எழுந்து கோயிலைக் கூட்டினார், சாணத்தால் மெழுகினார், பூப்பறித்து மாலை கட்டினார். ஒரு விளக்குமாறு, ஒரு பிடி சாணம், ஒரு பூக்கூடை. இவைதான் அவருடைய ஒழுங்கு. வருடக்கணக்காக அதையே செய்தார். சமயம் மாறிச் சென்றுவிட்ட தம்பிக்காகவும் இறைவனிடம் வேண்டிக்கொண்டிருந்தார்.

பின்னர் தம்பிக்குத் தாங்கமுடியாத வயிற்று நோய் வந்தது. அங்கிருந்தோர் செய்த சிகிச்சை எதுவும் பலிக்கவில்லை. அப்போது அவர் செய்த முதற்காரியம், சமையற்காரரை அனுப்பித் தமக்கைக்குச் சொல்லியனுப்பியதே. நான் அங்கு வரமாட்டேன் என்று தமக்கையார் சொல்லிவிட, வெட்கத்தை விட்டு, பிறர் கைத்தாங்கலாகப் பிடித்துவர, இரவோடிரவாகத் தாமே சென்று அவர் காலில் விழுந்தார். தமக்கையார் இவ்வளவு காலமும் எங்கே போயிருந்தாய் என்று கேட்டுப் புண்படுத்தவில்லை. ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். விடியற்காலையில் தாம் வழமையாகக் கோயில் கூட்டச் செல்லும் வேளையில், விளக்குமாற்றோடு அவரையும் உடன் அழைத்துச் சென்றார். அங்கே நின்று அவர் இறைவனைப் பாடினார், நோய் நீங்கிற்று. பின்னர் உழவாரப்படையைக் கையில் எடுத்தவர், வாழ்நாள் முழுவதும் கோயில் வீதிகளிற் புல் செதுக்கினார்.

இச்சரிதத்தில் நமக்கு மூன்று பாடங்கள் உள்ளன. நோயை மறைக்காமல் தன்னை நேசிக்கும் ஒருவரிடம் சொன்னார். வாய்விட்டு இறைவனைப் பாடினார். கைகளுக்குத் தினமும் ஒரு தொண்டைக் கொடுத்தார். நான்காவதாக ஒன்றும் உண்டு. தம்பி நள்ளிரவில் வந்து விழுந்தபோது தமக்கையாருக்கு அவரை எங்கே அழைத்துச் செல்வது என்ற குழப்பம் இருக்கவில்லை. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் தவறாமல் செய்து வந்த ஒழுங்கு அவரிடம் இருந்தது. அந்த ஒழுங்கு அவரையும் தாங்கியது, அவரை நாடி வந்தவரையும் தாங்கியது. துன்பம் வந்த பின்னர் வழி தேடுவது கடினம். வெயில் நாளிலேயே கூரையை வேய்ந்து வைக்கவேண்டும்.

ஆலயம் கற்றுத்தரும் ஒழுங்கு

அந்த ஒழுங்கை எவ்வாறு வகுப்பது? வேறெங்கும் தேட வேண்டாம், நமது ஆலயமே அதற்கு முன்மாதிரி. ஆலயக் கிரியைகளை நித்தியம், நைமித்திகம் எனப் பிரித்துச் சொல்வார்கள். நாள்தோறும் நடப்பது நித்தியம். குறித்த நாட்களில் விசேடமாக நடப்பது நைமித்திகம். இவற்றிற் குறை நேர்ந்தால் அதை நிவர்த்தி செய்வது பிராயச்சித்தம். ஒருவர் தமது மனதுக்கும் இம்மூன்றையும் அமைத்துக்கொள்ளலாம். பிள்ளையின் பழைய கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எடுங்கள். எழுதத் தெரியாத அம்மா, அப்பாமார் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள்.

முதலில் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டு, உங்களை அழுத்தும் பாரங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். கிழமைக் கடன், மகனின் குடி, மகளின் புலமைப்பரிசில் பரீட்சை, மாமியாருடன் மனஸ்தாபம், மத்திய கிழக்குக்குப் போன மனைவியிடமிருந்து போன் வராதது, எதுவானாலும் எழுதுங்கள். பின்னர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இதில் என் கையால் ஆகக்கூடியது என்ன, ஆகாதது என்ன என்று குறியுங்கள். மழையை நிறுத்த உங்களால் ஆகாது. மழை வலுத்தால் எந்த வீட்டுக்குப் போவது என்று இன்றே தீர்மானிக்க உங்களால் ஆகும். ஆகாததை அன்னையின் காலடியில் வைத்து வேண்டுங்கள். ஆகக்கூடியதைச் செய்து முடிக்கும் பலத்தையும் அவளிடமே கேளுங்கள். சரணாகதி என்பது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதன்று.

அடுத்து நித்தியம். நிறுவைக்கு மூன்று வேளை இருப்பதுபோல மனதுக்கும் மூன்று வேளை வையுங்கள்.

காலை: பிரட்டுக்குப் போகுமுன் விளக்கேற்றித் திருநீறு பூசி, ஐந்து நிமிடம் உட்காருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது ஐந்தெழுத்தை மனதுக்குள் ஒரு தடவையும், மெதுவாக வெளியே விடும்போது இரண்டு தடவையும் சொல்லுங்கள். இப்படிப் பத்து மூச்சு. வெளியே விடும் மூச்சு நீளும்போது இருதயத் துடிப்பு தணியும் என்று வைத்தியர்களும் சொல்கிறார்கள்.

பகல்: சோறு உண்ணும் நேரத்தில் கடன் பேச்சும் சண்டைப் பேச்சும் வேண்டாம். இரண்டு காலையும் நிலத்தில் அழுத்தி ஊன்றி, காற்றின் குளிர்ச்சியையும் எதிரே தெரியும் ஹந்தானை மலையையும் ஒரு நிமிடம் பாருங்கள். உலக சுகாதார ஸ்தாபனம் மனவுளைச்சலில் உள்ளோருக்காக 2020இல் ஒரு படப்புத்தகம் வெளியிட்டது. அலைபாயும் மனதை இவ்வாறு நிலத்திலும் மூச்சிலும் ஊன்றச் செய்வதே அதில் முதலில் கற்பிக்கப்படும் பயிற்சி. சந்நிதானத்தில் மணியோசை காதிலும், கற்பூரச் சுடர் கண்ணிலும், சந்தனம் நெற்றியிலும், தீர்த்தம் நாவிலும், பூவின் மணம் மூக்கிலும் படும்போது நடப்பதும் இதுதான். ஐம்புலனும் அங்கே வந்துவிட்டால், நாளைய கவலைக்குப் பின்னால் ஓடிய மனமும் அங்கே வந்துவிடும்.

இரவு: மாலைக்குப் பின் சாயத் தண்ணியைக் குறையுங்கள். தேயிலை எமக்குச் சோறு போடுகிறது என்பது உண்மையே, ஆனால் இரவில் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். கைத்தொலைபேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வீட்டாருடன் சேர்ந்து தெரிந்த ஒரு பாடலைப் பாடுங்கள், அன்று நடந்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லுங்கள். சாராயம் குடித்தால் தூக்கம் வரும் என்று ஆண்கள் பலர் எண்ணுகிறார்கள். வருவது தூக்கமன்று, மயக்கம். நடுச்சாமத்தில் விழிப்பு வந்து, முந்திய நாளைவிடப் பெரிய கவலையோடு விடியும். சம்பளத்தில் ஒரு பங்கும் போயிருக்கும்.

மூன்றாவது, நைமித்திகம். எந்த நாளில் திருவிழா வரும் என்பது ஆலயத்துக்கு முன்கூட்டியே தெரியும். அதுபோல எந்த நாளில் மனம் உடையும் என்பதும் எமக்குத் தெரியும். சம்பள நாள், கடன் அறவிட வரும் நாள், பரீட்சைப் பெறுபேறு வரும் நாள், இறந்தவரின் திதி, அடைமழை பெய்யும் இரவு. அந்தந்த நாளுக்கு என்ன செய்வேன் என்று முன்னரே எழுதி வையுங்கள். "கடன்காரர் வருமுன் காசை வேறாக எடுத்து வைப்பேன். தனியே நிற்காமல் அக்காவையும் கூட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்கமாட்டேன்." "அவர் குடித்துவிட்டு வந்தால் அன்றிரவு வாக்குவாதம் செய்யாமல் பிள்ளைகளோடு பெரியம்மா வீட்டுக்குப் போவேன்." "மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து இருக்கும் பையை எடுத்துக்கொண்டு பாடசாலைக்குப் போவேன்." அந்தப் பையைக் கட்டிக் கதவருகே தொங்கவிட்ட நாளிலிருந்துதான் அடியேனுக்கும் கொஞ்சம் தூக்கம் வந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையைக் கேட்பதென்றும், அது இல்லாத இரவில் எழுந்துபோய் மண்மேட்டைப் பார்ப்பதில்லை என்றும் தாளில் எழுதினேன். அதன்பின்னும் நான்கைந்து தடவை எழுந்து போனேன். பிறகு அதுவும் குறைந்தது.

நான்காவது, திலகவதியார் இடம். உங்கள் தாளில் மூன்று பேரின் பெயரை எழுதுங்கள். நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் திறப்பவர் ஒருவர். நாட்டு நடப்பும் அலுவலக விடயமும் தெரிந்த, கடிதம் எழுதித்தரக்கூடியவர் ஒருவர். சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பவர் ஒருவர். சில வருடங்களுக்கு முன்னர் கொடியேற்றத் தினத்தன்று ஒரு தாய் மூலஸ்தானத்துக்கு முன் நெடுநேரம் அழுதுகொண்டு நின்றார். விசாரித்தபோது, "சாமிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேங்க ஐயா. மனுசங்ககிட்டதான் சொல்ல முடியல" என்றார். மூன்று இடத்தில் கிழமைக் கடன், கணவருக்கே தெரியாது. அன்று அவருடைய அண்ணன் மனைவியை அழைத்துவந்து மண்டபத்தில் உட்காரவைத்துப் பேசினோம். கடன் மாயமாக மறையவில்லை. நகையை மீட்கவும் முடியவில்லை. ஆனால் எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று இருவருமாகக் கணக்குப் போட்டார்கள், கணவரிடமும் இருவருமாகவே சொன்னார்கள். அடுத்த வருடம் அதே தாய் பால்குடம் எடுத்தார். "கடன் இன்னும் இருக்குங்க. ஆனா ஒத்தையா இல்ல" என்றார். அன்னை அவருக்குச் செய்த அருள் அண்ணியின் உருவத்தில் வந்தது என்றே நான் கொள்கிறேன்.

ஐந்தாவது, பிராயச்சித்தம். எழுதிய ஒழுங்கு நிச்சயமாகத் தவறும். நான்கு நாள் விளக்கேற்றி, ஐந்தாம் நாள் மறந்து, ஆறாம் நாள் "நமக்கு இதெல்லாம் சரிவராது" என்று விட்டுவிடுவது மனித இயல்பு. ஆலயத்தில் ஒரு நாள் பூசை தவறினால் கோயிலையே மூடிவிடுகிறார்களா? வருடம் முழுவதும் நேர்ந்த குறைகள் நீங்கவென்றே பவித்திரோற்சவம் என ஓர் உற்சவத்தை ஆகமங்கள் விதித்திருக்கின்றன. தவறு நேரும் என்று அறிந்தே வழி வைத்தார்கள். ஆகையால் உங்கள் தாளின் அடியில் எழுதுங்கள்: "தவறினால் மறுநாள் காலை திரும்பவும் தொடங்குவேன்." உங்களை நீங்களே திட்ட வேண்டாம். பெற்ற பிள்ளை விழுந்தால் எப்படித் தூக்குவீர்களோ அப்படி உங்களையும் தூக்கிவிடுங்கள்.

இதெல்லாம் எம்மால் இயலுமா என்று கேட்பவர்கள், திருவிழாக் காலத்தை எண்ணிப் பாருங்கள். காப்புக் கட்டினால் மச்சம் மாமிசம் இல்லை, மது இல்லை, பொய் இல்லை, பாயைத் தவிர்த்து நிலத்தில் படுக்கை. அலகு குத்திக் காவடி எடுக்கிறோம், தீ மிதிக்கிறோம். அன்னைக்கு நேர்த்தி வைத்தால் இவ்வளவையும் செய்யும் எமக்கு, நாளுக்குப் பதினைந்து நிமிடம் பெரிய காரியமன்று. அதையும் ஒரு நேர்த்தியாகவே வைத்துவிடுங்கள்.

கோயிலும் வேண்டும், வைத்தியரும் வேண்டும்

ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும். சில மனச்சுமைகள் தாளில் எழுதுவதாலும் மூச்சுப் பயிற்சியாலும் தீர்வதில்லை. இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் விருப்பமில்லாமல், உண்ணாமல், உறங்காமல், வேலைக்குப் போகமுடியாமல் ஒருவர் இருந்தால் அது நோய். பிறருக்குக் கேட்காத குரல்கள் அவருக்குக் கேட்டாலும், சாவைப் பற்றிப் பேசினாலும் தாமதிக்கக் கூடாது. அதைப் பேய் பிடித்தது, செய்வினை என்று சொல்லி மாதக்கணக்கில் அலைவது அவருக்குச் செய்யும் கேடு. அங்கொடை என்ற ஊர்ப் பெயரையே கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்தக் கேலிக்குப் பயந்தே பலர் வைத்தியரிடம் போகாமல் இருக்கிறார்கள்.

மாரியம்மனை அம்மை நோய்க்காக வேண்டியவர்கள் நாம். வேப்பிலையும் மஞ்சளும் வைத்தோம், கூழ் ஊற்றினோம். அதே வேளையில் எம் தாத்தா பாட்டிமார் கையை நீட்டி அம்மைப்பால் குத்திக்கொண்டார்கள். 1980இல் பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது என உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. ஊசி போட்டுக்கொண்டதற்காக அன்னை எவரையும் கோபிக்கவில்லை. மன நோய்க்கும் அப்படியே. பேராதனை, கண்டி அரச வைத்தியசாலைகளில் மனநல சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. திருநீறும் பூசுங்கள், வைத்தியர் தந்த மாத்திரையையும் விழுங்குங்கள். வைத்தியர் சொல்லாமல் இடையில் நிறுத்தாதீர்கள்.

மனம் உடைந்து எவரிடமும் சொல்ல வழியில்லாத வேளையில், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுங்கள். துயருறுவோரின் பேச்சைக் கேட்பதற்கென்றே சுமித்ரயோ என்ற அமைப்பும் 1974 முதல் இந்நாட்டிற் பணி செய்கிறது. இந்த இலக்கத்தையும் உங்கள் தாளில் எழுதி வையுங்கள். மேலும் ஒன்று. உலகில் தற்கொலை மிகுந்த நாடுகளில் ஒன்றாக ஒரு காலத்தில் எமது நாடு இருந்தது. 1990களின் நடுப்பகுதி தொடக்கம் கொடிய நச்சு மருந்துகளைத் தடைசெய்தபின் அது பெரிதும் குறைந்தது. கொடிய எண்ணம் வரும் அந்த வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால், அந்த வேளை கடந்து போகிறது, மனிதர் பிழைத்துக்கொள்கிறார் என்பதே இதன் பொருள். ஆகவே தோட்டத்துக்கும் மரக்கறிப் பாத்திக்கும் அடிக்கும் மருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். திலகவதியாரைத் தடுத்தது ஒரு தம்பியின் அழுகுரல். உங்கள் பக்கத்து வீட்டில் ஒருவர் ஒடுங்கிப் போயிருந்தால், நீங்களே அந்தக் குரலாகுங்கள்.

சபையோருக்கு ஒரு விண்ணப்பம்

மனச்சுமையைத் தனியொருவரின் குறையாகக் கருதுவதும் பிழை. சம்பளம் போதாமையும், லயக் காம்பிராவின் நெரிசலும், சரியும் மலைக்கடியில் குடியிருப்பதும் மூச்சுப் பயிற்சியால் மாறா. அவற்றுக்காகக் கூடிப் பேசுவதும், சங்கத்தினூடாகவும் அரசாங்கத்திடமும் கேட்பதும் நமது கடமை. அந்தக் கேள்வியைத் தளராமல் கேட்டுக்கொண்டிருப்பதற்கே மனதைப் பாதுகாத்துக்கொள்ளும்படி சொல்கிறேன்.

எமது பரிபாலன சபையினருக்கும் ஒரு சிறு விண்ணப்பம். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதம் வழங்கியபின், மண்டபத்தில் அரை மணி நேரம் பாய் விரித்து வையுங்கள். உபந்நியாசம் வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். விரும்பியவர் உட்கார்ந்து பேசட்டும், மற்றவர் கேட்கட்டும். கேட்டதை வெளியில் சொல்லாதிருப்பது ஒன்றே விதி. ஆண்களும் வரவேண்டும். குடியால் மறைக்கும் துயரத்தைக் கூச்சமின்றிச் சொல்ல அவர்களுக்கும் ஓர் இடம் தேவை.

அன்பர்களே, இம்முறை தேர் வீதிவலம் வந்து இருப்பிடம் சேர்ந்ததும், தீர்த்தமாடி, கொடியிறக்கம் முடிந்து, பந்தலைப் பிரித்தபின் கோயில் அமைதியாகிவிடும். மறுநாட் காலையில் ஐயர் வந்து கதவைத் திறந்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, ஒரு விளக்கை ஏற்றுவார். கூட்டம் இருக்காது, மேளம் இருக்காது. அந்த ஒரு விளக்குத்தான் அடுத்த திருவிழா வரை ஆலயத்தைத் தாங்கி நிற்கிறது. அன்று காலையில் நீங்களும் வீட்டில் ஒரு விளக்கை ஏற்றி, உங்கள் தாளை எடுத்துப் பாருங்கள். கூடையைக் கொட்டிவிட்டு மலைக்குப் போங்கள். சுமை மீண்டும் சேரும். மீண்டும் கொட்டலாம். கொட்டுவதற்கு அன்னையின் வாசலும், அருகில் ஒரு மனிதரின் தோளும் உண்டு.

எல்லோருக்கும் நல்ல உறக்கமும் தெளிந்த மனமும் கிடைக்க அன்னை முத்துமாரி அருள்புரிவாளாக.

ஓம் சக்தி.